பிரஸ்ஸல்ஸில் வழிகாட்டியோடு பியர் சுற்று: காசு வீணா?

ரோஸ்ஹில்காரன்:
காவடி விரதம் முடிந்து, மார்ச்சில் மச்சானோடு பிரஸ்ஸல்ஸ் போகிறேன். நம்ம மொரீஷியஸ் ஃபீனிக்ஸ் பியரைத் தாண்டி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தச் சுற்றுக்குப் போகலாமா?

போர்ட் லூயிஸ் அண்ணன்:
தாராளமாகப் போங்கள் தம்பி. எனக்கு லாம்பிக் என்ற புளிப்பு பியர் கொடுத்தார்கள். முதல் வாய் புளித்த மோர்தான். மூன்றாவது வாயில் பிடித்துவிட்டது. அதில் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. கொதித்த தானியச் சாற்றை இரவில் திறந்த தொட்டியில் ஆறவிடுவார்கள், காற்றில் இருப்பதே இறங்கிப் புளிக்கவைக்கும். அதனால்தான் குளிர்மாதங்களில் மட்டும் காய்ச்சுகிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று வருட லாம்பிக்கைக் கலந்தால் அது கூஸ் (gueuze) என்ற பியர். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், அங்கே பியரில் 8 சதவீத ஆல்கஹால் சாதாரணம்!

கூர்ப்பிப்பிலிருந்து:
பிரஸ்ஸல்ஸின் அன்டர்லெக்ட் பகுதியில் காந்தியோன் (Cantillon) என்ற லாம்பிக் ஆலை இருக்கிறது, 1900இல் தொடங்கியது. அதையும் பாருங்கள்.

ரோஸ்ஹில்காரன்:
சரி அண்ணே. "புளிச்சதுக்கு யூரோவா?" என்கிறார் மச்சான்.