68 சார்ஜர் ஆர்/டி: எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது?

டெட்ராய்ட்வாசி:
டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி கார், 1968 மாடல். 440 கன அங்குல மேக்னம் இன்ஜின், மூன்று கியர் டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக். ஒருவழியாக வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது. வண்டியின் அடையாள எண்ணில் (VIN) இருக்கும் ‘எல்’ 440 மேக்னத்தையும் ‘பி’ ஹாம்ட்ராம்க் ஆலையையும் குறிக்கும். இன்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணும் ஒத்துப்போகிறது.

இந்த மாடலின் பின்கண்ணாடி, இரண்டு தூண்களுக்கு நடுவே உள்வாங்கி இருக்கும். அழகே அதுதான், துரு பிடிப்பதும் அங்கேதான். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் தேங்கும் தண்ணீர் டிக்கிக்குள் இறங்கித் தளத்தையே தின்றுவிடும். பட்டி பூசி மறைக்காமல், அரித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்திருக்கிறேன்.

மாற்றியவை கொஞ்சம்தான்: முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், ரேடியல் டயர், எலக்ட்ரானிக் இக்னிஷன், அம்மீட்டர் (பேட்டரி மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) ஒயரிங். கார்புரேட்டர் பழைய கார்ட்டர்தான். ஹெட்லைட் மூடிகள் இன்னும் வேக்குவம் இழுப்பில்தான் திறக்கின்றன. எதற்காகவும் உடம்பில் புதிதாக ஒரு துளை போடவில்லை. உங்கள் கருத்து?

பழமைவிரும்பி:
தகர வேலைக்கு மனமாரப் பாராட்டுகள். ஆனால் மற்றதை ஏற்க முடியவில்லை. பிளாக் எண் ஒத்துப்போகும் 440 ஆர்/டி இன்று எத்தனை பேரிடம் இருக்கிறது? ஹாம்ட்ராம்க் ஆலையையே 1980இல் மூடிவிட்டார்கள். அங்கிருந்து வெளிவந்தபடி ஒரு வண்டி இருந்தால்தான் 1968இல் அதை ஓட்டியவர் எதை உணர்ந்தார் என்று நமக்குத் தெரியும். ஆர்/டிக்கு 11 அங்குல டிரம் பிரேக் கொடுத்தார்கள். சரியாக அட்ஜஸ்ட் செய்தால் நிற்கும். பாயின்ட்ஸும் (பழைய இக்னிஷனில் தீப்பொறிக்காக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள்) அப்படித்தான், இடைவெளி சரியாக வைத்தால் ஓடும். பராமரிக்கச் சோம்பல்பட்டு மாற்றுவதற்கு ‘முன்னேற்றம்’ என்று பெயர் வைக்கக் கூடாது.

ஸ்பேனர்:
நான் நேர் எதிர். 375 குதிரைத்திறன் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. ஃபேன், ஆல்டர்நேட்டர், முழு சைலன்சர் எதுவும் மாட்டாமல் பெஞ்சில் வைத்து அளந்தது. 1972இல் அளவு முறையை மாற்றியதும் எல்லாருடைய எண்ணும் இறங்கியது. இன்றைய 5.7 லிட்டர் ஹெமி இன்ஜினைப் புதிதாக, பெட்டியில் வருவதை அப்படியே வாங்கி மாட்டினால் கோடையிலும் சூடாகாது, பெட்ரோலும் மிச்சம். இவ்வளவு செலவு செய்துவிட்டு ஏன் பாதியில் நிற்கிறீர்கள்? குறைந்தபட்சம் ஓவர்டிரைவ் (நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) கியர்பாக்ஸாவது போடுங்கள்.

டெட்ராய்ட்வாசி:
பழமைவிரும்பி சார், பிரேக்கில் சோம்பல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கிட்டத்தட்ட 1,700 கிலோ வண்டி. நெடுஞ்சாலை வேகத்தில் இரண்டு முறை அழுத்தி மிதித்தால் டிரம் சூடேறி, மூன்றாவது முறை பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. மழையில் டிரம்முக்குள் தண்ணீர் போனால் ஒரு பக்கம் இழுக்கும். முன்பக்க டிஸ்க்கை அன்றைக்கே கூடுதல் பணம் கட்டினால் டாட்ஜே கொடுத்தது. பழைய டிரம்கள் எண்ணெய் தடவி ஷெல்ஃபில் இருக்கின்றன. வேண்டுமென்றால் போல்ட்டைக் கழற்றி மாட்டிவிடலாம்.

பழமைவிரும்பி:
சரி, பிரேக்கை விடுங்கள். அம்மீட்டர் என்ன பாவம் செய்தது? டேஷ்போர்டில் அந்த முள் அசைவதே ஓர் அழகு.

எட்டு சிலிண்டர்:
இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஒயரிங் என் வேலை. அந்தக் காலத்துக் கிறைஸ்லர் (டாட்ஜின் தாய் நிறுவனம்) கார்களில் பேட்டரிக்குப் போகும் மின்சாரம் முழுவதும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தடுப்பு) இருக்கும் பிளாஸ்டிக் இணைப்பான் வழியாக உள்ளே வந்து, அம்மீட்டரைக் கடந்து, அதே இணைப்பான் வழியாக வெளியே போகும். ஐம்பது வருடத்தில் அந்தப் பித்தளை முனைகள் கறுத்துப்போகும். கறுத்தால் மின்தடை, மின்தடை என்றால் சூடு. இணைப்பானைக் கழற்றிப் பாருங்கள், தடித்த ஒயர் நுழையும் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கும். அடுத்தது தீதான். ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு ஃபியூசிபிள் லிங்க்கோடு (சுமை மிஞ்சினால் உருகி அறும் பாதுகாப்பு ஒயர்) நேராக ஒரு தடித்த ஒயர் இழுத்தால், முள் அவ்வளவாக அசையாது, வண்டி மிஞ்சும். எலக்ட்ரிக் ஃபேன் மாதிரி எதையாவது பேட்டரியில் மாட்டினால் இந்தப் பழைய பாதையில் சுமை இன்னும் ஏறும். அதையும் யோசியுங்கள்.

பழமைவிரும்பி:
இது நியாயம். தீப்பிடித்த வண்டியை வைத்துக்கொண்டு அசல் பேச முடியாது. ஆனால் பாயின்ட்ஸ் விஷயத்தில் நான் இறங்கி வர மாட்டேன். 1968 வண்டி, 1968இல் பற்றவைத்த மாதிரியே பற்றவைக்க வேண்டும்.

டெட்ராய்ட்வாசி:
கிறைஸ்லரே 1973இல் எல்லா கார்களுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறியது சார். பழைய டிஸ்ட்ரிபியூட்டரும் பத்திரமாக இருக்கிறது. இதில் நாம் ஒத்துப்போக வேண்டியதில்லை.

ஸ்பேனர், உங்கள் ஓவர்டிரைவைப் பற்றி உட்கார்ந்து யோசித்தேன். ஆசை இல்லாமல் இல்லை. 3.23 விகிதப் பின் ஆக்ஸிலில் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற அதை ஓட்டும் தண்டு 3.23 சுற்று சுற்றும்) மணிக்கு 65 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு 2,700 சுற்றைத் தொடுகிறது, காது வலிக்கிறது. ஆனால் அந்தப் பெரிய கியர்பாக்ஸ் உள்ளே போக, தளத்தின் நடுமேட்டை வெட்ட வேண்டும். டார்ஷன் பாரின் (முன் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக முறுக்கிக்கொள்ளும் தண்டு) பின்முனை உட்காரும் குறுக்குச்சட்டத்தையும் செதுக்க வேண்டும். இந்த வண்டிக்குத் தனி சேஸி கிடையாது. தளத்தோடு வெல்டிங்கில் இருக்கும் அந்தச் சட்டம்தான் முன் சஸ்பென்ஷனின் பாரத்தையே தாங்குகிறது. அதை வெட்டியபின் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன் என்று யாரும் மனசாட்சியோடு சொல்ல முடியாது. இன்ஜின் மாற்றுவதைப் பேசவே வேண்டாம், எண் ஒத்துப்போகும் பிளாக்கை இறக்கி வைக்க எனக்கு மனம் வராது.

ஸ்பேனர்:
அப்படியென்றால் வண்டியை நெடுஞ்சாலையில் எடுக்கவே மாட்டீர்களா? டெட்ராய்ட் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் கூடும் ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் உருட்டுவதற்காகவா இத்தனை வேலை?

எட்டு சிலிண்டர்:
வெட்டாமலே வழி இருக்கிறது. அது எட்டேமுக்கால் அங்குல ஆக்ஸில்தானே? அதில் நடு உருண்டை (டிஃபரன்ஷியல்) முழுதாக முன்பக்கம் கழன்று வரும். 2.76 விகிதத்தில் இன்னொன்றைத் தேடி மாட்டுங்கள். அதே வேகத்தில் கிட்டத்தட்ட 400 சுற்று குறையும். சிக்னலில் கிளம்பும்போது கொஞ்சம் மந்தமாகத் தெரியும், ஆனால் 440க்கு இருக்கும் டார்க்குக்கு அது பெரிய குறையில்லை.

பழமைவிரும்பி:
அந்த 2.76ஐ கிறைஸ்லரே அந்தக் காலத்தில் போட்டது. இதற்கு நானும் சம்மதம்.

ஸ்பேனர்:
எனக்குச் சம்மதமில்லை. கிளம்பும் வேகத்தைக் குறைத்துவிட்டு அதை மசில் கார் என்று எப்படிச் சொல்வது?

டெட்ராய்ட்வாசி:
அதனால்தான் 3.23 உருண்டையை விற்கப் போவதில்லை. நீண்ட பயணத்துக்கு 2.76, டிராக் பக்கம் போனால் பழையது. 2.76 உருண்டை யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள். பல் தேய்மானம் தெரிகிற மாதிரி படமும் வேண்டும்.