40 மீற்றர் பாண்ட் 7.200 இல முடியுதோ, 7.300 இலயோ?

அக்கராயன்_அலை கேட்டது:
அண்ணைமார், அமெச்சூர் வானொலி நொவிஸ் (தொடக்க வகுப்பு) பரீட்சைக்குப் படிக்கிறன். ஒரு படத்தில 40 மீற்றர் பாண்ட் (அலைவரிசைத் துண்டு) 7.000 இல இருந்து 7.300 மெகாஹெர்ட்ஸ் வரை எண்டு கிடக்கு, இன்னொண்டு 7.200 ஓட நிக்குது. எது சரி? கிளிநொச்சியில இருந்து கொழும்போட கதைக்க எந்த பாண்ட், எந்த அன்டெனா? வயலில யானைக் காவலுக்கு நிக்கிற ஆக்களோட கைவானொலியில கதைக்க இந்த அனுமதிப்பத்திரம் காணுமோ?

பாலைமரத்தடி:
தம்பி, 7.300 அமெரிக்கப் படம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகத்தை மூண்டு வலயமாப் பிரிச்சிருக்கு. அமெரிக்கா 2, நாங்கள் 3. எங்கட வலயத்தில 7.200 க்கு மேல ஒலிபரப்பு நிலையங்களின்ர இடம். பொழுதுபட்ட பிறகு 7.205 பக்கம் திருப்பினால் காது அடைக்கும், அதுவே எல்லைக்கல்லு மாதிரி. 80 மீற்றரும் அப்படித்தான்: அவைக்கு 4.000 வரை, 3ஆம் வலயத்துக்கு 3.900 வரை.

வலய அட்டவணையில இருக்கிறது எல்லாம் உனக்குக் கிடைச்சிட்டுது எண்டும் நினையாதை. 5.3515–5.3665 மெகாஹெர்ட்ஸை 2015 உலக வானொலி மாநாடு 15 வாற்று எல்லையோட ஒதுக்கினது. ஆனால் ஒவ்வொரு நாடும் தன்ர பங்குக்கு அனுமதிச்சால்தான் செல்லும். பாண்ட், முறை, வாற்று மூண்டும் உன்ர வகுப்புக்குப் பொருந்தவேணும். பத்திரத்தோட வாற அட்டவணைதான் கடைசி வார்த்தை.

வாற்று எண்டது உச்ச வாற்று. குரலில கதைக்கேக்க மீற்றர் முள்ளு 30 காட்டினால் உச்சம் 100 ஐத் தொட்டிருக்கும். விசிலடிச்சுப் பார்த்தால் கிட்டத்தட்ட உண்மை தெரியும்.

அடுத்த பிழை, திரையில தெரியிற எண்ணை அலையின்ர எல்லை எண்டு எடுக்கிறது. எஸ்.எஸ்.பி. (அலையின்ர ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புற முறை) குரல் 3 கிலோஹெர்ட்ஸ் அகலம். 20 மீற்றரில யு.எஸ்.பி. (மேல்பக்கம்) மேல் நோக்கி விரியும், எனவே 14.347 க்கு மேல போகாதை, 14.350 தாண்டும். 40 இல எல்.எஸ்.பி. (கீழ்ப்பக்கம்) கீழ விரியும், திரையில 7.002 எண்டால் குரலின்ர மூண்டில ஒரு பங்கு 7.000 க்குக் கீழ, பாண்டுக்கு வெளியில. (பாண்ட் திட்டப்படி அந்த அடிப்பக்கம் மோர்ஸ்காரருக்கு, குரலோட அங்க போகவே வேண்டாம்.) எஃப்.எம். ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸ், ரெண்டு பக்கமும் 8. பழைய பெட்டி மத்தியான வெக்கையில நழுவும். 10.000 மெகாஹெர்ட்ஸில நேரசமிக்ஞை (நேரம் சொல்லுற நிலையம்) கேட்டால் 9.999 யு.எஸ்.பி. இல வை, 1000 ஹெர்ட்ஸ் விசில் வரவேணும். விசில் 100 ஹெர்ட்ஸ் கூடக்குறைய இருந்தால் அதுதான் பெட்டியின்ர பிழை.

கச்சான்_காற்று:
கொழும்பு நேர்கோட்டில ஏறக்குறைய 280 கிலோமீற்றர். பகலில 40, இரவில 40 எட்டத்துக்குப் பாய்ஞ்சு கிட்ட இருக்கிறவரை விட்டிடும், அப்ப 80. அன்டெனாவை உயர்த்தாதை. கொழும்புக்கு அலை நட்டுக்குத்தா மேல போய்த் திரும்பவேணும், 6 மீற்றர் உயரம் போதும்.

ரெண்டு கைக் கம்பி அன்டெனாவின்ர (டைபோல்) நீளம்: 143 ஐ மெகாஹெர்ட்ஸால பிரி. 7.1 க்கு 20.14 மீற்றர், ஒவ்வொரு கையும் 10.07. வெட்டேக்க 10.40 வெட்டு, மிச்சத்தை முனையில மடிச்சுக் கட்டு. உறையுள்ள வயர் எண்டால் அதிர்வு கீழ இறங்கும், எப்பிடியும் பிறகு குறைக்க வேண்டிவரும். நடுவில ஆர்ஜி-58 கேபிளை 4.5 மீற்றர் எடுத்து 6 சுற்றாச் சுத்தி ரேப் போடு, இல்லாட்டி கேபிளின்ர வெளித்தோல் அன்டெனாவாகி வீட்டு ஸ்பீக்கர் உன்னோட சேர்ந்து கதைக்கும். இணைப்பை மாரிக்கு முன்ன ரப்பர் ரேப்பால மூடு. ஈரம் பின்னலுக்குள்ள ஏறினால் கறுத்துப்போகும், அலை குறையும், எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றரோ (அன்டெனாவில இருந்து அலை திரும்பி வாறதை அளக்கிறது) நல்லதுபோலக் காட்டும்.

ரெண்டு பனைக்கு நடுவில இழுத்துக் கட்டினால் கச்சானில அறும். ஒரு பக்கம் கப்பி, கயித்து நுனியில மண் நிரப்பின 5 லீற்றர் கான். மரம் ஆட கான் ஏறி இறங்கும்.

கைவானொலியைப் பற்றி: 144 மெகாஹெர்ட்ஸில ரெண்டு பக்கமும் அன்டெனா 9 மீற்றரில இருந்தால் வானொலி அடிவானம் 25 கிலோமீற்றரளவு. வன்னி தட்டை நிலம், மலை உதவாது.

முறிகண்டி_மோர்ஸ்:
யானைக் காவலுக்கு: ஏலாது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்பு சட்டத்தின்படி ஒலிபரப்பும் கருவிக்கு அனுமதி வேணும். கதைக்கிற ஒவ்வொருத்தரும் அமெச்சூர் அனுமதி எடுத்தாலும் தோட்ட வேலை, வியாபாரம், கூலிக்காரரை ஒழுங்குபடுத்திறது அதுக்குள்ள வராது. காவலுக்கு வேற வகை அனுமதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேக்கவேணும். மலிவுக் கைவானொலி 136 இல இருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரை அனுப்பும் எண்டதால அதுக்கு உரிமை வந்திடாது. அந்த இடையில பொலிஸ், கப்பல் எல்லாம் கிடக்கு.

அக்கராயன்_அலை:
நன்றி அண்ணை. 40 இன்ர கம்பி 21 மெகாஹெர்ட்ஸில வேலை செய்யுமோ?

கச்சான்_காற்று:
செய்யும், மூண்டு அரை அலையா. ஆனால் அதிர்வு 22 க்குக் கிட்டப் போய்விடும், 21.450 க்கு வெளியில. நடுவில இருந்து 3.5 மீற்றரில ஒவ்வொரு கையிலும் அரை மீற்றர் கம்பி வால் தொங்கவிட்டு நறுக்கிப் பார், 21 இறங்கும், 7 அதிகம் அசையாது. முதல்ல உன்ர வகுப்புக்கு 21 இருக்கோ எண்டு பார்.