பிபிசி மைக்ரோவின் படத்தை இன்றைய தொலைக்காட்சியில் தெளிவாகக் காண என்ன வழி?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். 1984ஆம் ஆண்டில் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் அவருடைய பள்ளிக்கு வந்த ஏகார்ன் பிபிசி மைக்ரோ கணினிகளில் ஒன்றை, பள்ளி பழைய பொருள்களை ஏலம் விட்டபோது அவர் எடுத்து வந்து பரணில் வைத்திருந்தார். சென்ற மாதம் அதை என்னிடம் கொடுத்தார். 32 கேபி நினைவகம் கொண்ட மாடல் பி அது. தூசி தட்டி மின்சாரம் கொடுத்தவுடன், தாழ்ந்த ஒலி ஒன்றும் உயர்ந்த ஒலி ஒன்றுமாக அந்தப் பழைய வணக்கத்தைச் சொல்லிவிட்டது. மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிக்கல் படத்தில்தான். பின்புறம், முழுப் படமும் ஒரே கம்பியில் (கம்போசிட்) வரும் பிஎன்சி துளையிலிருந்து தொலைக்காட்சியின் ஏவி உள்ளீட்டுக்குக் கம்பி இழுத்தேன். படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. கம்போசிட்டை எச்டிஎம்ஐயாக மாற்றும் மலிவான பெட்டி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். மோட் 0 என்ற திரைமுறையில், அதாவது வரிக்கு 80 எழுத்துகள் வரும் நிலையில், எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை. மாமா எழுதிவைத்த வடிவியல் பாட நிரல்களெல்லாம் வண்ணத்தில் உள்ளவை. கணினியின் உறையில் துளை போடாமல், எல்லா மோடுகளையும் வண்ணத்தில் தெளிவாகப் பார்க்க வேண்டும். சால்டரிங் ஓரளவு தெரியும். பலகையில் ஓர் இணைப்பைச் சேர்த்தால் கம்போசிட்டிலேயே வண்ணம் வரும் என்று படித்தேன். அதைச் செய்யலாமா?

ஈயப்பற்று எழுதியது:

வணக்கம் ஐயா. படத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள்: அந்தக் கணினியை இனி ஒருமுறைகூட இயக்காமல், முதலில் அதன் மின்வழங்கியைத் திறந்து பாருங்கள். உள்ளே மின்கம்பி நுழையும் இடத்தை ஒட்டி, தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் உறையோடு செவ்வகமான மின்தேக்கிகள் இருக்கும். அவை காகிதத்தால் செய்யப்பட்டவை. ஆண்டுக்கணக்கில் வெயிலும் ஈரமும் பட்டு உறையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் விழுந்து, அவற்றின் வழியாகக் காற்றின் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். இயங்கத் தொடங்கிப் பத்து நிமிடமோ அரைமணி நேரமோ ஒன்றும் தெரியாது. பிறகு திடீரென்று வெடித்து, அறை முழுவதும் காரமான புகை சூழ்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. நான்கு நாள்கள் அந்த நாற்றம் போகவில்லை. 0.1 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.01 மைக்ரோஃபாரட் ஒன்று என இரண்டையும் புதிய எக்ஸ்2 வகையாக (மின்இணைப்பில் நேரடியாக வைக்கத்தக்க பாதுகாப்பு வகை) மாற்றிவிடுங்கள். செலவு மிகக் குறைவு. கம்பியைக் கழற்றிய பின்னரும் உள்ளே உள்ள பெரிய மின்தேக்கியில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். ஆகவே மீட்டரால் அளந்து, அது வடிந்துவிட்டதை உறுதிசெய்யாமல் விரலை வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்ட இணைப்பு, பிற்காலப் பலகைகளில் எஸ்39 என்று குறிக்கப்பட்டிருக்கும். சேர்த்தால் வண்ணம் வரும் என்பது உண்மை. ஆனால் அது உங்கள் துன்பத்தைக் கூட்டவே செய்யும். மோட் 0இல் ஒரு வரிக்கு 640 புள்ளிகள், நொடிக்கு 1.6 கோடி என்ற வேகத்தில் வெளிவருகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாக வெள்ளையும் கறுப்பும் வந்தால் அது 8 மெகாஹெர்ட்ஸ் அலையாகிறது. பால் (PAL) என்னும் வண்ணத் தொலைக்காட்சி முறையின் கம்போசிட்டோ வண்ணச் செய்தியை 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏற்றிவைத்திருப்பதால், அதன் அருகில் வரும் நுண்விவரங்களை எல்லாம் வண்ணம் என்று எண்ணித் தொலைக்காட்சி பச்சையும் ஊதாவுமாகத் தீட்டிவிடும். ஏகார்ன் அந்தத் துளையைக் கறுப்பு வெள்ளையாகவே விட்டுவைத்ததில் நியாயம் உண்டு.

கறுப்பு வெள்ளையிலும் உங்கள் பெட்டி ஏன் தோற்றது என்று கேட்கலாம். அத்தகைய பெட்டிகள் பெரும்பாலும் 13.5 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில்தான் படத்தைக் கொத்துகின்றன, அதாவது மாதிரி எடுக்கின்றன. நொடிக்கு 1.6 கோடி புள்ளிகளை 1.35 கோடி கட்டங்களில் அடைக்க முயன்றால், சில புள்ளிகள் தடித்தும் சில காணாமலும் போவது இயல்பே.

மஞ்சள்விசை எழுதியது:

ஈயப்பற்று ஐயா சொன்னபடி மின்வழங்கியை முடித்துவிட்டு வாருங்கள். அதன் பிறகு உங்களுக்குத் தேவையானது பிஎன்சி துளைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு முனைகள் கொண்ட வட்டமான டின் துளையில் சிவப்பு, பச்சை, நீலம், ஒத்திசைவு ஆகியவை முதல் நான்கு முனைகளிலும், தரை ஐந்தாவதிலும், 5 வோல்ட் ஆறாவதிலும் வருகின்றன. அந்த ஆறாவது முனை எதன்மேலும் பட்டுவிடாதபடி கம்பியைக் கவனமாகச் செய்யுங்கள்.

இந்த மூன்று வண்ணக் கம்பிகளிலும் வருவது டிடிஎல் குறிகை. ஒன்று இருக்கும், அல்லது இருக்காது, இடைநிலை கிடையாது. அதனால்தான் இந்தக் கணினிக்கு எட்டே வண்ணங்கள். இதை நான் ஒரு கொடுப்பினையாகவே பார்க்கிறேன். மின்னழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் வேலையே இல்லை. எந்தக் கணத்தில் பார்ப்பது என்பது ஒன்றுதான் கேள்வி. மோட் 0இல் ஒரு புள்ளி 62.5 நானோநொடிதான் நிற்கிறது. அதன் நடுவில் பார்த்தால் படம் கல்வெட்டுப் போல் நிற்கும்; விளிம்பில் பார்த்தால் எழுத்தின் ஓரம் எறும்பு ஊர்வதுபோல் துடிக்கும்.

இதைச் சரியாகச் செய்வது ‘ஆர்ஜிபி டு எச்டிஎம்ஐ’ என்ற திறமூலத் திட்டம். முதலில் பிபிசி மைக்ரோவுக்காகவே உருவானது. ராஸ்பெரி பை ஜீரோ என்ற கையடக்கக் கணினி ஒன்றும், அதன்மேல் அமரும் சிறிய சிபிஎல்டி (வேண்டியபடி அமைத்துக்கொள்ளக்கூடிய தருக்கச் சில்லு) பலகையும்தான் முழுக் கருவி. அது 96 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தை வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணில்தான் நுட்பம் இருக்கிறது. மோட் 0 முதல் 6 வரை 16 மெகாஹெர்ட்ஸ் அடிப்படையில் வருபவை. மோட் 7 மட்டும் தொலையுரைக்கான (தொலைக்காட்சியில் எழுத்துப் பக்கங்கள் காட்டும் டெலிடெக்ஸ்ட்) எஸ்ஏஏ5050 சில்லிலிருந்து வேறு வழியில் பிறக்கிறது. எழுத்தின் வளைவுகளை அச்சில்லு அரைப்புள்ளிகளால் வழுவழுப்பாக்குவதால், அதற்கு 12 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 96 என்பது 16இன் ஆறு மடங்கு, 12இன் எட்டு மடங்கு. ஆகவே மோடு மாறியதும் கருவி தானே கண்டுகொண்டு கொத்தும் முறையை மாற்றிக்கொள்கிறது.

மோட் 7, ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறிப் பின்னி வரும் படம். மற்ற மோடுகளில் கணினியில் தட்டும் ‘டிவி’ (*TV) என்ற கட்டளையால் அதை நிறுத்தலாம், இதில் முடியாது. கணினி விழித்தெழும்போது வருவதே மோட் 7 திரை என்பதால், எந்த மாற்றியை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வரிகள் துள்ளாமல், அத்திரையில் வரும் ‘பேசிக்’ (BASIC) என்ற சொல்லின் எஸ் எழுத்து வழுவழுப்பாக நின்றால் மற்றவையும் நன்றாகவே இருக்கும்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மின்வழங்கியைத் திறந்தேன். இரண்டு மின்தேக்கிகளின் மேலும் வற்றிய குளத்துத் தரைபோல் வெடிப்புகள் இருந்தன, மாற்றிவிட்டேன். மேலும் இரண்டு ஐயங்கள். என்னிடம் பை ஜீரோ ஏற்கெனவே இருக்கிறது. குறிகை வெறும் இருக்கிறது, இல்லை என்பதுதான் என்றால், சிபிஎல்டி பலகை இல்லாமல் நேரடியாக அதன் முனைகளில் கொடுக்கக் கூடாதா? எச்டிஎம்ஐ வந்துவிட்டால் எந்தக் கணினித் திரையிலும் இது ஓடுமா?

மஞ்சள்விசை எழுதியது:

நேரடியாகக் கொடுக்கவே கூடாது. பையின் முனைகள் 3.3 வோல்ட் தாங்குபவை. கணினியின் சில்லுகளோ 5 வோல்டில் இயங்குபவை. நேரடியாக இணைத்தால் பை கெட்டுப்போகும். அந்தச் சிபிஎல்டி 5 வோல்டையும் தாங்கும். அதைவிட முக்கியமாக, 62.5 நானோநொடிக்குள் சரியான கணத்தைப் பிடிக்கும் வேலையை அதுவே செய்து, பல புள்ளிகளைச் சேர்த்துப் பையிடம் ஒப்படைக்கிறது. பலகையைப் பொருத்தியபின், திரையில் வரும் பட்டியலில் அளவுத்திருத்தம் என்ற தேர்வை ஒருமுறை இயக்குங்கள். ஒவ்வொரு கணத்தையும் முயன்று, பிழை குறைந்த கணத்தை அதுவே தேர்ந்துகொள்ளும். மோட் 7க்கும் மற்றவற்றுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிபிசி மைக்ரோ நொடிக்கு 50 முறை படம் அனுப்புகிறது. நம் நாட்டிலும் பால் முறைதான் வழங்கியது என்பதால், இங்கு விற்கும் தொலைக்காட்சிகள் 50 ஹெர்ட்ஸை மறுப்பின்றி ஏற்கும். கணினித் திரைகளில் சில 60 ஹெர்ட்ஸ் மட்டுமே காட்டும். அவற்றில் படம் நகரும்போது சீரான இடைவெளியில் தயங்கித் தயங்கிச் செல்லும். எனவே தொலைக்காட்சியையே பயன்படுத்துங்கள்.

பரண்வாசி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். பல பழங்கணினிகள் வைத்திருப்பவருக்கு ஓஎஸ்எஸ்சி என்ற திறமூலப் படமாற்றி நல்ல கருவி. ஒவ்வொரு வரியையும் வந்தவுடன் இரட்டிப்பதால் தாமதம் ஏறத்தாழ இல்லை, விளையாட்டுகளுக்கு உகந்தது. ஆனால் அது எதிர்பார்ப்பது 0.7 வோல்ட் அளவுள்ள ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) குறிகை. டிடிஎல்லை அப்படியே கொடுக்காமல், ஒவ்வொரு வண்ணக் கம்பியிலும் தொடர் மின்தடை வைத்துக் குறைத்தாக வேண்டும். மோட் 7இல் சற்றுத் துடிப்பு இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. இந்த ஒரு கணினி மட்டும் என்றால் மஞ்சள்விசை சொன்னதே தக்கது.

வைகைக்கரை எழுதியது:

பலகை வந்து, நேற்று மாலை பொருத்தினேன். முதலில் எழுத்துகளின் வலது ஓரம் சிவப்பாகத் துடித்தது. அளவுத்திருத்தத்தை இயக்கியதும் நின்றுவிட்டது. மோட் 7 திரையில் எஸ் எழுத்தை அருகில் சென்று பார்த்தேன். படிக்கட்டு ஏதுமின்றி வளைந்து நிற்கிறது. தொலைக்காட்சி படத்தின் ஓரங்களை வெட்டியதால் முதல் வரி பாதி மறைந்தது. அதன் படஅளவு அமைப்பில் விரிவாக்கத்தை அணைத்ததும் அதுவும் சரியாயிற்று. மாமா மோட் 1க்கு மாற்றி, முக்கோணத்தின் மூன்று நடுக்கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திப்பதைக் காட்டும் நிரலை நினைவிலிருந்தே தட்டினார். 140ஆம் வரியில் ஒரு பிழை இருந்தது, திருத்திக்கொண்டிருக்கிறார்.