வால்பாறைக்கு ஜிப்லைனும் கண்ணாடிப் பாலமும் தேவையா?

ரொட்டிக்கடை ஜீப்

வால்பாறையில் ஜீப் ஓட்டுகிறேன். சனி, ஞாயிறு வருகிறவர்கள் வண்டியில் ஏறியதும் கேட்பது ஒன்றுதான்: "இங்கே பார்க்க என்னண்ணா இருக்கு?" ஆழியாறு அணை, குரங்கு அருவி, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் வியூ, இதெல்லாம் ஏறி வரும்போதே முடிந்துவிடும். மேலே வந்தால் கூழாங்கல் ஆறு, கருமலை பாலாஜி கோயில், சின்னக்கல்லாறு, நல்லமுடி பூஞ்சோலை, சோலையாறு அணை. ஒரு பகல் போதும். மறுநாள் காலையில் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கிவிடுகிறார்கள். ராத்திரி தங்கினால்தான் காசு ஊரில் நிற்கும்.

2001 கணக்கெடுப்பில் வால்பாறையில் ஏறக்குறைய 95 ஆயிரம் பேர் இருந்தோம். 2011இல் அது 71 ஆயிரம் ஆகிவிட்டது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். தேயிலையை மட்டும் நம்பி இனி இந்த ஊர் ஓடாது. கேரளாவில் வாகமண்ணில் 2023இல் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள், அங்கே போகிற கூட்டத்தைப் பாருங்கள். இங்கேயும் ஒரு கண்ணாடிப் பாலம், கம்பியில் தொங்கிச் சறுக்குகிற ஒரு ஜிப்லைன், சைக்கிள் பாதை வந்தால் என்ன குறைந்துவிடும்?

எதிர்க்கிறவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். "இயற்கையை ரசியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அதைச் சொல்கிற எல்லோருமே ஞாயிறு சாயங்காலம் கோயம்புத்தூர் போய்விடுகிறார்கள்.

சோலைமந்தி

நானும் ஞாயிறு சாயங்காலம் இறங்குகிறவன்தான் அண்ணே. காரணத்தோடே சொல்கிறேன்.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். நடுவில் தேயிலை. அந்தத் தேயிலைக்குள் துண்டு துண்டாக மிச்சம் இருக்கிற மழைக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் யானைகள் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் போகின்றன. ஓடையோரப் புதர்கூட அவற்றுக்கு வழிதான். ஜிப்லைன் என்றால் வெறும் கம்பி இல்லையே. இரண்டு கோபுரம், வண்டி நிறுத்துமிடம், கடைகள், விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் கூடவே வரும். இதையெல்லாம் எந்தத் துண்டுக்காட்டின் ஓரத்தில் வைப்பீர்கள்?

அப்புறம் அந்த "பார்க்க என்ன இருக்கு" கேள்வி. பெரிய இருவாச்சி கூடு வைக்கும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். மிச்சம் விடுவது ஒரு கீறல் அளவு துவாரம்தான். ஆண் பறவை வருவதை முதலில் காதுதான் சொல்லும், இறக்கைச் சத்தம் அவ்வளவு பலம். வந்து உட்கார்ந்ததும் தலையை ஒரு ஆட்டு ஆட்டி, தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தைக் கக்கி, அலகின் நுனிக்குக் கொண்டுவந்து துவாரத்துக்குள் நீட்டும். உள்ளே இருக்கும் அலகு வாங்கிக்கொள்ளும். உடனே அடுத்த பழம், அதற்கடுத்து இன்னொன்று. தூரத்தில் நின்று நல்ல பைனாகுலரில் இதைப் பார்த்தவர் யாரும் பார்க்க ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டார். இதைக் காட்டத் தெரிந்த பத்துப் பேர் ஊரில் இருந்தால், வருகிறவர்கள் இரண்டு ராத்திரி தங்குவார்கள்.

வாகமண் பாலத்தையும் மழைக்காலத்தில் பாதுகாப்புக்காக மூடவேண்டி வந்தது. நம் சின்னக்கல்லாறு தென்னிந்தியாவிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. ஜூனில் மூடினால் எப்போது திறப்பீர்கள்?

நாற்பது வளைவு

திருப்பூரிலிருந்து பைக்கில் வருகிறவன். எனக்கு ஜிப்லைனும் வேண்டாம், இருவாச்சியும் வேண்டாம். ஆழியாறிலிருந்து மேலே வரைக்கும் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறதே, அதற்காகத்தான் வருகிறேன். ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் காற்று மாறும். அட்டகட்டி தாண்டினால் ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுக்கவேண்டும். இதைக் கெடுக்காமல் விட்டால் போதும்.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஊட்டி, கொடைக்கானலில் 2024 மே மாதமே உயர் நீதிமன்ற உத்தரவில் ஆரம்பித்தார்கள். இப்படியே போனால் அடுத்தது பைக்குக்குத் தடைதானா? காட்டைக் காப்பது என்றாலே முதலில் எங்களைத்தான் நிறுத்துகிறார்கள்.

சோலைமந்தி

இ-பாஸ் உங்களை நிறுத்தவில்லையே நண்பரே, எண்ணுகிறது. எத்தனை வண்டி வருகிறது என்று தெரியாமல் எத்தனை கழிப்பறை, எத்தனை பார்க்கிங் என்று எப்படித் திட்டம் போடுவது?

பைக்கைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். 2025 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு முதியவர் இதே மலைச்சாலையில் பைக்கில் போகும்போது யானை தாக்கி இறந்தார். யானை சாலையில் நின்றால் அது போகும்வரை தூரத்திலேயே வண்டியை நிறுத்தியிருக்கவேண்டும். பைக்கில் இருப்பவருக்குச் சுற்றிலும் கூண்டு கிடையாது. தடை வேண்டாம் என்று நீங்கள் கேட்டால், கூட வருகிற பத்துப் பேருக்கும் இதைச் சொல்லிக் கூட்டி வருவது உங்கள் வேலை.

அவினாசி அம்மா

நீங்கள் யாருமே குடும்பத்தோடு வருகிறவர்களை நினைக்கவில்லை. எட்டு வயது, பதினோரு வயதுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருவாச்சிக்காக அசையாமல் எவ்வளவு நேரம் உட்காரமுடியும்? வியூ பாயிண்ட் வியூ பாயிண்டாக இறங்கி ஏறினால் மூன்றாவதிலேயே சின்னவன் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் என்கிறான்.

அவர்களுக்குப் பிடித்தது கூழாங்கல் ஆறு. கால் வைத்தால் கல் தெரிகிறது, தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது, விளையாடப் போதும். ஆனால் எனக்கு அங்கே உட்கார்ந்த நேரம் முழுக்கப் பயம். 2023 அக்டோபரில் சோலையாறு பக்கம் ஆற்றில் குளிக்க இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் மூழ்கிப்போனார்கள். மேலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் மாதிரி இருக்கும், இரண்டடி தள்ளிக் குழி. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு எது ஆழம் என்று எப்படித் தெரியும்?

கண்ணாடிப் பாலத்துக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, குளிக்கலாம் என்று ஒரு இடத்தைச் சோதித்துக் கயிறு கட்டி, நீச்சல் தெரிந்த இரண்டு பேரை அங்கேயே நிறுத்துங்கள். பெண்கள் உடை மாற்ற ஒரு அறை கட்டுங்கள். கேட்பது அவ்வளவுதான்.

ரொட்டிக்கடை ஜீப்

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நீச்சல் தெரிந்த பையன்கள் ஊரில் எத்தனையோ பேர். அந்த வேலையைச் சம்பளம் போட்டுக் கொடுத்தால் நாளைக்கே வருவார்கள். கண்ணாடிப் பாலம் கேட்டதும் அதே காரணத்துக்குத்தான், யாராவது இங்கே ஒரு வேலையை உருவாக்கவேண்டும்.

சோலைமந்தி தம்பி, பத்துப் பேர் பறவை காட்டினால் போதும் என்கிறீர்கள். 71 ஆயிரம் பேரில் பத்துப் பேர் பிழைத்தால் போதுமா? அக்காமலை புல்மலையைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போகமுடியாது என்று வைத்திருக்கிறார்கள். வழிகாட்டியோடு, கட்டணத்தோடு, நாளுக்கு ஒரு அளவு வைத்துத் திறந்தால், மலையேற்றத்துக்கு என்றே வெளியூர் ஆட்கள் வருவார்கள்.

உடுமலை வாத்தியார்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், இப்போது தென்னை விவசாயம். அக்காமலை பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன்.

அந்தப் புல்லும், மடிப்புகளில் இருக்கும் சோலையும் மழையைக் கடற்பஞ்சு போலப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகின்றன. அப்படி ஆனைமலையின் மேல்பகுதியில் கசிகிற தண்ணீர்தான் நீராறு, சோலையாறு என்று அணைகளுக்குப் போய், சுரங்கமும் கால்வாயுமாக பரம்பிக்குளம் வழியாகத் திருமூர்த்திக்கும் ஆழியாறுக்கும் வருகிறது. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) பாசனம் என்பது இதுதான். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துத் தென்னையும் மக்காச்சோளமும் அதை நம்பித்தான் நிற்கின்றன.

வரையாடும் அங்கேதான் இருக்கிறது. 2024இல் எண்ணியபோது தமிழ்நாட்டுப் பக்கம் 1,031 என்று வந்தது. நம் மாநில விலங்கு அப்போது தமிழ்நாட்டில் மொத்தமே அவ்வளவுதான். லோம்ஸ் வியூவில் அந்த ஆட்டுக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறார்கள். குட்டியோடு ஒரு பெண் ஆடு சாலைச் சுவரில் ஏறி நின்று, நீட்டிய கையை மோந்து பார்ப்பதைக் கண்ணால் பார்த்தேன். சாலையோரத்திலேயே இந்தக் கதி என்றால் புல்மலைக்குள் கூட்டத்தை விட்டால் என்ன ஆகும்? அதை மூடியே வைக்கட்டும்.

ரொட்டிக்கடை ஜீப்

வாத்தியார் ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் உங்கள் தென்னைக்கு, காடு புலிக்கும் வரையாட்டுக்கும், காட்சி கோயம்புத்தூர்க்காரருக்கு. இதையெல்லாம் காத்துக்கொண்டு இங்கேயே இருப்பவனுக்கு என்ன பங்கு? இதற்கு ஒருவர் பதில் சொல்லுங்கள்.

நான் சும்மா கேட்கவில்லை. 2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. அதில் மானாம்பள்ளியும் ஒன்று, ஆழியாறு கால்வாய்க்கரையும் ஒன்று. உள்ளூர்ப் பிள்ளைகளை வழிகாட்டியாக வைத்துத்தான் நடத்துகிறார்கள். அங்கே முடிகிறதென்றால் இன்னும் நாலு பாதை ஏன் முடியாது?

நாற்பது வளைவு

முடியும், ஆனால் அந்த ஒழுங்கு எப்படி வந்தது என்பதை மறக்கவேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் போனார்கள். மலையேறப் போனவர்கள். காய்ந்த புல், காற்று, ஓட இடமில்லை. அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறையே வந்தது. இப்போதும் தீ பிடிக்கிற மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். பாதை திறந்தால் மூடுகிற மாதத்தையும் சேர்த்துத்தான் சம்பாத்தியத்தைக் கணக்குப் போடவேண்டும். வெயிலில் தீ, ஆடி மழையில் அட்டையும் மண்சரிவும். வருஷத்தில் நடக்கத் தோதான மாதங்கள் குறைவு.

லைன் வீடு

முடீஸ் பக்கம் எஸ்டேட் லைன் வீட்டில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவள். அப்பா அம்மா இன்னும் அங்கேதான். இங்கே ஊர்க்காரர் ஒரு பக்கம், இயற்கை பேசுகிறவர் ஒரு பக்கம் என்று போகிறது. எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களைக் கணக்கிலேயே காணோம்.

சிறுத்தை லைன் வாசலில் இருந்து குழந்தையைத் தூக்கிப்போன செய்திகள் உங்களுக்குத் தெரியும். ஜார்க்கண்டிலிருந்து வந்து தேயிலை பறிக்கிற குடும்பத்துக் குழந்தையும் அதில் உண்டு. அங்கே பொழுது சாய்ந்தால் பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவடைக்கிறோம். அந்த நேரத்தில்தான் டூரிஸ்ட் ஜீப் எஸ்டேட் ரோட்டில் லைட் அடித்துக்கொண்டு வருகிறது, "யானை பார்க்கலாம் வாங்க" என்று. வெளிச்சத்தில் மிரண்டு திரும்புகிற யானை எங்கே போகும்? லைன் பக்கம்தான் வரும். ரேஷன் கடைச் சுவரை இடிக்கும்.

யானை எங்கே நிற்கிறது என்று செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறார்களே, யானை பக்கத்தில் இருந்தால் எரிகிற சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்களே, அதையெல்லாம் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் வனத்துறையும் எங்களுக்காகச் செய்தார்கள். அதில் உயிர்ச்சேதம் குறைந்தது. அதே விளக்கைப் பார்த்துவிட்டு யானை பார்க்க ஆள் கூட்டி வருகிற டிரைவர்கள் இருக்கிறார்கள். அண்ணே, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஸ்டாண்டில் இதை முதலில் நிறுத்தாமல் ஜிப்லைன் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜிப்லைன் வந்தாலும் யார் நடத்துவார்? பணம் போடுகிறவர் வெளியூர்க்காரர், கயிறு மாட்டிவிடுகிறவர் பயிற்சி எடுத்த வெளியூர்க்காரர். எங்களுக்குக் கழிப்பறை கழுவுகிற வேலை.

ரொட்டிக்கடை ஜீப்

தங்கச்சி, ராத்திரி வண்டி விஷயத்தில் நீ சொல்வதுதான் நியாயம். நான் அந்த ஓட்டம் போவதில்லை. போகிறவர்களை ஸ்டாண்டில் தட்டிக் கேட்கவேண்டும், கேட்பேன்.

ஜிப்லைனையும் கண்ணாடிப் பாலத்தையும் விடுகிறேன், மழையில் மூடிக்கிடக்கிற பாலத்தால் எனக்கும் ஓட்டம் இல்லை. அக்காமலையையும் வாத்தியாருக்காக விடுகிறேன். சைக்கிள் பாதையை விடமாட்டேன். தேயிலைக்குள் எஸ்டேட் ரோடு ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக ஒரு மரம்கூட வெட்டவேண்டாம். எஸ்டேட் அனுமதித்தால் நல்லமுடி, உருளிக்கல் பக்கம் காலை எட்டு மணியிலிருந்து மதியம் வரை போகலாம். பிள்ளைகளுக்கும் அலுக்காது.

சோலைமந்தி

யானை நிற்கிறது என்று செய்தி வந்த பகுதியில் அன்று முழுக்க ஓட்டம் கிடையாது, முன்பணம் கட்டியிருந்தாலும் கிடையாது என்று எழுதி வைப்பீர்களா? ஓடையோரமாகப் போகிற ரோடுகளையும் பட்டியலில் இருந்து எடுக்கவேண்டும். இந்த இரண்டும் இருந்தால் நான் எதிர்க்கமாட்டேன். புதுத்தோட்டம் பக்கம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். அங்கே சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி வைத்திருக்கிறார்கள், தின்பண்டம் போடுகிற ஆட்களால் அவை இன்னும் ரோட்டுக்குத்தான் இறங்குகின்றன.

லைன் வீடு

சைக்கிள் வாடகைக்கு விடுவது, கூடப் போவது இரண்டும் எஸ்டேட் பிள்ளைகள் கையில் இருக்கவேண்டும். அதையும் எழுதுங்கள்.

ரொட்டிக்கடை ஜீப்

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதில் பிரச்சினை இல்லை. புதுத்தோட்டமும் வேண்டாம், சரி. ஆனால் ஓடையோர ரோடு எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நல்லமுடிக்குப் போக வழியே இருக்காது தம்பி. எந்தெந்த ரோடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அங்கங்கே பேசிக்கொள்ளலாம்.