எம்101ல வாயு மேகம் மோதுச்சுன்னு எத வச்சு சொல்றாங்க?

எம்101 கேலக்ஸி பத்தி ஒரு வீடியோ பாத்தேன், வெளிய இருந்து வந்த வாயு மேகம் அதோட தட்டுல (நட்சத்திரமும் வாயுவும் தட்டையா பரந்து சுத்துற பகுதி) மோதியிருக்குன்னு போற போக்குல சொல்லிட்டு போயிட்டாங்க. அது 2 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கு, ஆயுசு பூரா உத்து பாத்தாலும் ஒண்ணும் அசையாது, அப்புறம் எப்படி? சும்மா அடிச்சு விடுறாங்களா?

பதில் 1:
இல்ல ப்ரோ. எம்101 நமக்கு முகத்த நேரா காட்டிட்டு இருக்கு, ஓடுற கிரைண்டர மேல இருந்து எட்டி பாக்குற மாதிரி, மாவு சுத்துறது பக்கவாட்டுல தான, நம்ம முகத்துக்கு நேரா வராதுல்ல, அதனால சுத்துற வேகம் டாப்ளர்ல (நம்ம பக்கம் வருதா விலகி போகுதானு அலைநீளம் மாறுறத வச்சு கண்டுபிடிக்கிற முறை) ரொம்ப கம்மியா தான் தெரியும். ஆனா ஏதாவது தெறிச்சு மேல வந்தா உடனே மாட்டிக்கும். நெதர்லாந்துல வெஸ்டர்போர்க் ரேடியோ டெலஸ்கோப்ல ஹைட்ரஜனோட 21 செ.மீ. அலைய பாத்தப்ப அப்படி தான் மாட்டுச்சு. தட்டோட ஒப்பிட்டா நொடிக்கு 160 கி.மீ. வரைக்கும் விலகி ஓடுற வாயு, 10 கோடி சூரியனுக்கு மேல எடை. வான் டெர் ஹல்ஸ்ட், சான்சிசினு ரெண்டு வானியலாளர்கள் 1988ல அஸ்ட்ரனாமிகல் ஜர்னல்ல எழுதுனாங்க.

பதில் 2:
வாயு ஓடுதுன்னா மோதுச்சுன்னு அர்த்தமா? நட்சத்திரம் சூப்பர்நோவாவா வெடிச்சு தள்ளியிருக்கலாமே, 2023 மே மாசம் கூட அதே கேலக்ஸில ஒண்ணு வெடிச்சுதே.

பதில் 1:
நியாயமான டவுட்டு. ஆனா அவ்ளோ எடைய அந்த வேகத்துல தள்ள ஒண்ணு ரெண்டு பத்தாது, ஒரே ஏரியால ஆயிரக்கணக்குல வெடிக்கணும், அதனால தான் வெளிய இருந்து வந்த மேகம்னு சொன்னாங்க. நேர்ல பாத்த சாட்சி இல்ல தான், கணக்கு அந்த பக்கம் சாயுது, அவ்ளோதான். இன்னொண்ணு, மோதுறது வாயுவும் வாயுவும் தான், நட்சத்திரத்துக்கு நடுவுல அவ்ளோ இடம் கெடக்கு, அதுங்க பாட்டுக்கு இருக்கும்.

பதில் 3:
அவ்ளோ தூரம் எதுக்கு, நம்ம பால்வீதிக்கே ஒண்ணு வந்துட்டு இருக்கு. ஸ்மித் மேகம். 1963ல கெயில் ஸ்மித்னு ஒரு வானியலாளர் கண்டுபிடிச்சது, சுமார் 11,000 ஒளியாண்டு நீளம். 3 கோடி வருஷத்துல வந்து விழும்னு கணக்கு, விழுந்தா வாயு நசுங்கி புது நட்சத்திரம் நெறைய பொறக்குமாம். செம மேட்டர் என்னன்னா ஹப்பிள் டெலஸ்கோப்ல அதோட கந்தக அளவ பாத்தா கிட்டத்தட்ட சூரியன்ல இருக்குறதுல பாதி, வெளிய இருந்து வர்ற வாயுல இவ்ளோ இருக்காது, அதாவது வெளியூர் சரக்கு இல்ல, நம்ம தட்டுல இருந்தே கெளம்பி போனதா இருக்கலாம்னு 2016ல சொன்னாங்க.

கேள்வி கேட்டவர்:
கிரைண்டர் உதாரணம் சூப்பர் ப்ரோ, இப்ப புரிஞ்சுது. அப்ப சாய்வா இருக்குற ஆண்ட்ரோமெடா கேலக்ஸில இத பிரிச்சு பாக்குறது கஷ்டம், கரெக்டா?

பதில் 1:
கரெக்ட், அங்க சுத்துற வேகமும் சேந்து கலந்துடும்.