பின்சீட் ஏசி குளிரல, வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணணும். உதவுங்க (கடலூர்)

தேவனாம்பட்டினத்தான்: எங்க 7 சீட் வண்டியில பின்னாடி ஏசி குளிரவே மாட்டேங்குது. முன்னாடி பரவால்ல. வெள்ளிக்கிழமை விடியக்காலம் குடும்பத்தோட திருவண்ணாமலை கிளம்பறோம். போன வாரம் நெய்வேலி போறதுக்குள்ள கடைசி சீட்ல இருந்த சின்னவ ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டா. என்னவா இருக்கும்?

லாஸ்பேட்டைவாசி: எந்த வருஷ வண்டி? எவ்ளோ ஓடியிருக்கு? காத்தே வரலையா, காத்து வந்தும் குளிரலையா? ரெண்டும் வேற வேற நோவு.

நெல்லிக்குப்பம் செல்வம்: ஏசி காத்தை வடிகட்டற ஃபில்டர்தான். டேஷ்போர்டுல க்ளவ் பாக்ஸைக் கழட்டிப் பாருங்க. என் வண்டியில ஒரு கை வேப்பஞ்சருகு வந்துச்சு.

பழைய ஸ்டியரிங்: செல்வம், அந்த ஃபில்டர் அடைச்சா முன்பக்கக் காத்துதான் குறையும். பின் ஏசி வண்டிக்குள்ள இருக்கற காத்தையே இழுத்துக் குளிர வைக்குது. அடிப்படை தெரியாம பதில் போடாதீங்க, 30 வருஷமா வேன் ஓட்டறவன் சொல்றேன். கேக்கறவரும் பின்னாடி குளிர வைக்கற தனி காயில் இருக்கா, வெறும் ஃபேனான்னு பாத்துட்டு வந்து கேக்கணும். சில வண்டியில மேல இருக்கறது வெறும் ஃபேன். முன்பக்கக் குளிரை பின்னாடி தள்ளும், அவ்ளோதான்.

தேவனாம்பட்டினத்தான்: மன்னிச்சுக்குங்கண்ணே, அவசரத்துல போட்டேன். 2016 டீசல், 1 லட்சத்து 18 ஆயிரம். தனி காயில் இருக்கு. காத்து நல்லா வருது, ஆனா வெதுவெதுன்னு.

லாஸ்பேட்டைவாசி: அப்ப பின் காயிலுக்குள்ள கேஸை அளவா விடற எக்ஸ்பான்ஷன் வால்வு அடைச்சிருக்கும். என் பந்தயம் அதுதான்.

வில்லியனூர் கலா: கேஸ் கடைசியா எப்ப போட்டீங்க தம்பி?

தேவனாம்பட்டினத்தான்: மாசியில ஒரு தரம், வைகாசியில ஒரு தரம்.

வில்லியனூர் கலா: இதை முதல்லயே சொல்லியிருக்கணும். ஏசி கேஸ் டீசல் மாதிரி தீர்ந்துபோற பொருள் இல்ல. குறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். பின் காயிலுக்கு வண்டி அடியில அலுமினியப் பைப் போகும். நீங்க கடக்கரையில நிறுத்தறீங்க, உப்புக்காத்து அரிச்சிருக்கும். கேஸோட கம்ப்ரசர் எண்ணெயும் கசியும், அதனால பைப்புல எண்ணெய்ப் பிசுக்கோட மண்ணு ஒட்டியிருக்கற இடத்தைத் தேடுங்க. கிளாம்ப் புடிக்கற இடத்தை முக்கியமா பாருங்க. நைட்ரஜன் அடைச்சு சோப்பு நுரை போட்டா பொத்தல் தெரிஞ்சிடும். கண்டுபுடிக்காம மூணாந்தரம் கேஸ் போடாதீங்க.

பாகூர் மணி: பாண்டிக்கு எடுத்துட்டு வாங்க. வர்ற வழியில முள்ளோடையில டீசலும் போட்டுக்கலாம், விலை குறைச்சல். வண்டி பாண்டி நம்பர், பி.ஒய். 01 தானே?

மஞ்சக்குப்பம் பாஸ்கர்: ஏன் பி.ஒய்.? கடலூர்ல குடியிருந்துட்டு வரிக்காக அங்க பதியறது தப்பு. 12 மாசத்துக்கு மேல வேற மாநிலத்துல வச்சிருந்தா நம்பரை மாத்தணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு.

பாகூர் மணி: நான் வரி பேசவே இல்லீங்க. எங்க ஊர் வண்டின்னா திருட்டு வண்டி மாதிரி ஏன் பேசறீங்க?

மஞ்சக்குப்பம் பாஸ்கர்: ரோடு எங்களுது, வரி உங்களுக்கா?

பழைய ஸ்டியரிங்: ரெண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்க. தம்பி, கலா சொன்னதைப் பாருங்க. பின் ஏசிக்குப் போற பைப்பையே அடைச்சு விடறேன்னு எவனாவது சொன்னா ஒத்துக்காதீங்க. பிள்ளைங்க உக்கார்ற இடம்.

தேவனாம்பட்டினத்தான்: பைப்தான். பின் சக்கரத்துக்கு முன்னாடி கிளாம்ப் அடியில பொத்தல். மாத்தியாச்சு, இப்ப ஜில்லுனு இருக்கு. கலாக்கா, ரொம்ப நன்றி. கிளம்பறோம்.

நெல்லிக்குப்பம் செல்வம்: பைப் மட்டும் எவ்ளோ ஆச்சு? எந்தப் பட்டறை? எனக்கும் இதே மாதிரிதான் இருக்கு.

நெல்லிக்குப்பம் செல்வம்: தம்பி?