தம்பிக்கு வெளிநாட்டு கிளப் வாய்ப்பாம், ஏஜெண்ட் இரண்டரை லட்சம் கேட்கிறார்

கேள்வி (கடலூர் முதுநகர்)

வணக்கம். எனக்கு வாலிபால் பற்றி அதிகம் தெரியாது, தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 21, உயரம் 6 அடி 3 அங்குலம். பண்ருட்டி, நெய்வேலி பக்கம் மின்னொளிப் போட்டி எங்கே நடந்தாலும் இவனைக் கூப்பிட்டுவிடுவார்கள். பல்கலைக்கழக அணியிலும் ஆடியிருக்கிறான். இப்போது ஒரு ஏஜெண்ட் வந்திருக்கிறார். ஐரோப்பாவில் கிளப் தயாராம். இரண்டரை லட்சம் கட்டினால் பிப்ரவரியில் டூரிஸ்ட் விசாவில் போய் டிரையல் ஆடலாம், அங்கேயே ஒப்பந்தம் போட்டுவிடலாம் என்கிறார். அம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

பதில் 1 (மஞ்சக்குப்பம்)

இப்படிப் பயந்துகொண்டே இருந்தால் பையன் கடைசி வரை சுழற்கோப்பைக்கும் ஆட்டுக்கிடாவுக்கும்தான் ஆடுவான். அனுப்புங்கள்.

பதில் 2 (வீராம்பட்டினம், புதுச்சேரி)

சகோதரி, நான் வளைகுடாவில் ஒரு சீசன், பிரான்ஸில் கீழ் டிவிஷனில் இரண்டு சீசன் மிடில் பிளாக்கராக (வலை நடுவில் நின்று எதிரணி அடியைத் தடுப்பவன்) ஆடியவன். இப்போது லாஸ்பேட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். பணத்தைக் கட்டாதீர்கள்.

முதலில் அந்தப் பிப்ரவரி. ஐரோப்பாவில் சீசன் அக்டோபர் வாக்கில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். அடுத்த சீசனுக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் கோடையில். பிப்ரவரியில் ஒரு கிளப் ஆள் தேடுகிறது என்றால் யாருக்கோ அடிபட்டிருக்கும். அந்த அவசரத்தில் டிரையல் வைக்க ஏது நேரம்? டூரிஸ்ட் விசாவில் போனால் சம்பளத்துக்கு ஆடவும் முடியாது.

இரண்டாவது, ஐடிசி. ஒரு நாட்டு வீரர் இன்னொரு நாட்டு லீக்கில் ஆட சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். இங்குள்ள சம்மேளனம், அங்குள்ள சம்மேளனம் இரண்டும் ஒப்புக்கொண்டு, உலக சம்மேளனமான எஃப்ஐவிபியின் வழியாகத்தான் அது வரும். அது இல்லாமல் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பெஞ்சில்கூட உட்கார முடியாது. ஏஜெண்டிடம் 'ஐடிசி யார் எடுப்பது?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். என்னை அனுப்பியவர் முன்பணமாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. சம்பளம் வந்த பிறகு மாதம் 8 சதவீதம் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் 1983 குடியகல்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவானவர்கூட 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இரண்டரை லட்சம் எந்தக் கணக்கு?

மஞ்சக்குப்பம் நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, பையன் போகத்தான் வேண்டும். ஆனால் நம் நாட்டு வாலிபால் நட்சத்திரம் ஜிம்மி ஜார்ஜே எடுத்தவுடன் இத்தாலி போகவில்லை. கேரளா போலீஸ், இந்திய அணி, பிறகு அபுதாபி, அதற்கப்புறம்தான் 1982இல் இத்தாலி. இங்கேயே 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக்கில் வெளிநாட்டு வீரர்களும் ஆடுகிறார்கள். அதில் ஒரு சீசன் ஆடினால் எந்த ஏஜெண்டும் தானாகவே தேடி வருவார்.

வெளிநாட்டு ஆள் என்றால் பாயிண்ட் எடுக்கத்தான் காசு கொடுப்பார்கள். எதிரணி சர்வைச் சரியாக வாங்காமல் கெட்டுப் போன பந்தெல்லாம் அவன் தலைக்கு மேலே வரும், எதிரில் மூன்று பேர் பிளாக். அடித்தால் கடமை, அடிக்காவிட்டால் 'இவனுக்கா சம்பளம்?' என்ற பார்வை. நான் மணலில் குதித்து வளர்ந்தவன். அங்கே உள்ளரங்கத் தரை, காலையில் ஜிம், மாலையில் பந்து. டிசம்பருக்குள் முட்டிக்குக் கீழே நரம்பு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு, பொங்கல் அன்று தனியாக ரொட்டி தின்றேன். வளைகுடா கிளப் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை இன்று வரை தரவில்லை. ஒப்பந்தத்தில் தேதி எழுதாமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. இதையும் தம்பியிடம் காட்டுங்கள்.

அவனிடம் வெட்டி ஒட்டிய வீடியோ இருந்தால் போதாது. ஒரு முழு செட், சொதப்பிய பந்துகளோடு வேண்டும். உயரத்தைவிட ஸ்மாஷ் ரீச்சைத்தான் கேட்பார்கள். வலையே 2.43 மீட்டர், அதற்கு மேலே கை எவ்வளவு போகிறது என்பதுதான் விஷயம். அளந்திருக்கிறானா?

கேள்வி கேட்டவர்

அண்ணா, ஏஜெண்டிடம் ஐடிசி பற்றிக் கேட்டேன். 'அதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கலாம், நீங்க ஏம்மா குழப்புறீங்க' என்றார். வளையல் பீரோவுக்குத் திரும்பிவிட்டது. தம்பி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ரீச் எல்லாம் அளந்ததே இல்லையாம்.

பதில் 2 (வீராம்பட்டினம்)

பேசாமல் இருக்கட்டும், கால் ஓய்வாக இருந்தால் போதும். சனிக்கிழமை காலை 6 மணிக்கு லாஸ்பேட்டைக்கு அனுப்புங்கள், அளந்துவிடலாம். ஷூ கொண்டு வரச் சொல்லுங்கள், சுண்ணாம்புக் கட்டியும் டேப்பும் என்னிடம் இருக்கிறது.